காஞ்சிபுரத்துக்கு ஓசி டூர்

பேச்சி பஸ்ஸில் இல்லை. ஆனால் சூப்பர்வைசர் வெங்கடேசன் அவள் பெயரைக் கூப்பிட்டதும், "இருக்கேன் சார்" என்று கடைசி சீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது.

மூக்கைப் பிடித்துக்கொண்டு அப்படிச் சொன்னவள் சந்திரலேகா. பக்கத்தில் இருந்த இசக்கி அவள் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

"ஏட்டி, மாட்டுனா ரெண்டு பேருக்கும் சீட்டு கிழிஞ்சிரும். அடுத்த மாசம் உனக்கு பெர்மனென்ட்டுன்னு சொல்லியிருக்காவ, மறந்துட்டியா?"

மறக்கிற விஷயமா அது? ஒரகடத்தில் செல்போன் சார்ஜர் தயாரிக்கிற கம்பெனியில் மூன்று வருடமாக டிரெய்னி என்ற பெயரிலேயே காலத்தை ஓட்டியாகிவிட்டது. வேலை நிரந்தரம் என்ற நம்பிக்கையில், தம்பியை காலேஜில் சேர்க்கும்படி தென்காசியில் இருக்கும் அப்பாவுக்குச் சொல்லியும்விட்டாள்.

"பின்ன என்ன செய்யச் சொல்லுத? அவ காய்ச்சல்ல அனத்திக்கிட்டு ஹாஸ்டல்ல கெடக்கா. வராதவங்களுக்கு வேலை இல்லன்னு இந்த மனுஷன் மெரட்டுதாரு."

டூருக்கு வராவிட்டால் வேலை இல்லை என்று மிரட்டியது ஒருபுறம் இருக்கட்டும். தீபாவளிக்குக்கூட கால் கிலோ மிக்சருக்கு மேல் கை நீளாத நிர்வாகம், எல்லா ஷிப்டுக்கும் லீவு விட்டு, சாப்பாடும் போட்டு, காஞ்சிபுரம் சுற்றிக் காட்டுகிறேன் என்றதே உலக அதிசயம். பெண்கள் பூவும் பொட்டுமாகக் கிளம்பிவிட்டார்கள்.

வாலாஜாபாத் ரோட்டில் பஸ் ஓரங்கட்டி நின்றது. எதிரே டிரெய்லர் லாரிகள் வாலைப் பிடித்த மாதிரி வந்துகொண்டே இருந்தன, எல்லாம் காலி வண்டிகள். டிரைவர் திட்டிக்கொண்டிருக்க, வெங்கடேசன் எழுந்து மறுபடியும் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட ஆரம்பித்தார். சந்திரலேகா மறுபடியும் மூக்கைப் பிடித்தாள்.

கைலாசநாதர் கோயிலில் எல்லாரும் கல் சிங்கத்தோடு நின்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டார்கள். வெங்கடேசனோ சாமியையும் பார்க்கவில்லை, சிங்கத்தையும் பார்க்கவில்லை. வந்தவர்களின் முகங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். அடிக்கொரு தரம் அவருக்கு போன் வந்தது.

"எல்லாரும் இங்கதான் சார் கீறாங்க. அங்க ஒருத்தர்கூட இல்ல. நான் கேரண்டி."

தூணுக்குப் பின்னால் நின்று அதைக் கேட்ட சந்திரலேகாவுக்குத் தன் பொய் மாட்டிவிடுமோ என்று பயம் வந்தது. மூன்றாம் முறையாகப் பேச்சிக்குப் போன் அடித்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. காய்ச்சல் முற்றி நினைவு தப்பிக் கிடக்கிறாளோ என்ற பயமும் சேர்ந்துகொண்டது.

வரதராஜப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட வரிசை நகர்ந்தது. சந்திரலேகா மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிக நேரம் கையை எடுக்காமல் வைத்திருந்தாள். பொய் சொன்ன பாவம் போகட்டும், பேச்சி நல்லபடியாக இருக்கட்டும், பெர்மனென்ட் ஆர்டர் கைக்கு வரட்டும். ஒரு பல்லியிடம் கேட்க இது அதிகம்தான்.

மத்தியானச் சாப்பாடு முடிந்து காந்தி ரோட்டுக் கடைத்தெருவுக்குப் போனார்கள். பட்டுக்கடை வாசலில் நின்று வேடிக்கை பார்த்தவர்களை வெங்கடேசன் நடைபாதை வளையல் கடைக்குக் கூப்பிட்டார். எல்லாருக்கும் ஆளுக்கொரு ஜோடி, அவருடைய சொந்தக் காசில். ஓவர்டைம் கேட்டால் எரிந்து விழுகிற மனிதர்!

வளையலுக்கு மூக்கைப் பிடித்துக் குரல் கொடுக்க முடியாது. ஒரு ஜோடி மிஞ்சியது.

"பேச்சி எங்கம்மா?"

சந்திரலேகா முன்னால் வந்தாள். "ஹாஸ்டல்ல சார். ரொம்பக் காய்ச்சல். அவளுக்குப் பதிலா நான்தான் குரல் கொடுத்தேன். அவள ஒண்ணும் பண்ணிராதீங்க சார். வேணும்னா என் பெர்மனென்ட்ட நிறுத்திக்கிடுங்க."

வெங்கடேசன் திட்டவில்லை. முகத்தில் ரத்தமே இல்லாமல் நின்றார்.

"அவ ரூம் ஜன்னல் எந்தப் பக்கம்மா பாத்துனு கீது?"

இது என்ன கேள்வி? "நம்ம கம்பெனி கேட்டுக்கு நேரா சார். ஏன் சார்? பேச்சிக்கு என்ன சார் ஆச்சு?"

"அந்தப் பொண்ணுக்கு இன்னா ஆவப் போவுது!" என்றார் அவர். "நானும் பொண்ண பெத்தவன்தாம்மா. மேலிடத்துல சொன்னத செஞ்சேன். என்ன சபிக்காத." மிஞ்சிய வளையலை அவள் கையில் திணித்துவிட்டு விறுவிறுவென்று பஸ்ஸை நோக்கி நடந்தார்.

அந்த நேரம் பார்த்து சந்திரலேகாவின் போன் அடித்தது. பேச்சி! அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"ஏட்டி, எடுக்கதுக்கு இவ்வளவு நேரமா? பயந்தே போயிட்டேன். நல்லாத்தானே இருக்க?"

"மாத்திரை போட்டுத் தூங்கிட்டேன்க்கா. கிரேன் சத்தம் கேட்டு இப்பதான் முழிச்சு ஜன்னல்ல பார்த்தேன். மெஷின ஒவ்வொண்ணா தூக்குதாவ." பேச்சிக்கு மூச்சு வாங்கியது.

"யக்கா, நம்ம கம்பெனியே லாரியில ஏறிப் போவுதுக்கா!"