சபீரா திறந்த பக்கம்

கால்நடை மருத்துவக் கல்லூரியின் விண்ணப்பப் பக்கத்தை இளவேனில் மூன்றாம் முறையாகத் திறக்கப் பார்த்தாள். பள்ளிக் கணினி அவள் முகத்தைப் பார்த்தது. பிளஸ் டூவில் அவள் வாங்கப்போகும் மதிப்பெண்ணைக் கணித்து, 'இது உனக்கு ஏற்ற பக்கம் அல்ல, செல்லம்' என்று மூடிக்கொண்டது.

"கிடைக்காததுக்கு ஆசைப்பட்டு நீங்க அழக் கூடாதுன்னுதாம்மா பூட்டி வெச்சிருக்காங்க," என்றார் கணினி ஆசிரியை.

அவர் வெளியே போனதும் அடுத்த இருக்கையிலிருந்து சபீரா எழுந்து வந்தாள். வகுப்பில் முதல் மாணவி அவள்தான். அவளும் அதே கல்லூரிக்குத்தான் விண்ணப்பிக்க இருந்தாள்.

"தள்ளுடி, நான் மூஞ்சியக் காட்டுறேன்."

பக்கம் திறந்துகொண்டது. இளவேனில் படபடப்போடு தன் பெயரில் விண்ணப்பத்தை நிரப்பி அனுப்பினாள்.

மறுநாள் காலையிலேயே கல்லூரியிலிருந்து பதில் வந்துவிட்டது. பள்ளியின் கணிப்பு போதாது என்று நிராகரித்திருந்தார்கள். சபீராவிடம் சொல்லி அழுவதற்காக அவள் கணினி அறைக்கு ஓடினாள்.

சபீரா திரையின் முன் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அதே பக்கம் இப்போது அவளுக்கும் மூடியிருந்தது. அடுத்தவளுக்குப் பூட்டைத் திறந்துவிட்டாள் என்று அவளுடைய கணிப்பை இரவோடு இரவாகக் குறைத்திருந்தார்கள்.

"அத்தாகிட்ட என்னடி சொல்லுவேன்?" என்றாள். பிறகு துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். "சரி விடு. உன்னோடத எடுத்துக்கிட்டாங்களா?"

இளவேனில் சிரித்துக் காட்டினாள்.

"எடுத்துக்கிட்டாங்கடி."

சபீரா அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். "அப்ப நம்மள்ல ஒருத்தியாவது போறோம்ல."