படிகாரம் போட்ட நீர்

மோட்டார் ஓடும் சத்தம் கேட்டதும் எட்வின் பைக்குக்கு ஸ்டாண்டுகூடப் போடாமல் பங்களாவின் பின்பக்கம் ஓடி சுவிட்சை அணைத்தான். தாமதம். இரண்டு வருடமாகக் கவனிப்பாரற்றுக் கிடந்த நீச்சல் குளத்தில் நேற்று மறுபடியும் படிகாரம் கரைத்து ஊற்றி, அழுக்கு அடியில் படியட்டும் என்று மோட்டாரை நிறுத்திவிட்டுப் போயிருந்தான். படிந்ததெல்லாம் கலங்கி, இப்போது குளம் முழுக்க டீ நிறம்.

"மூணாவது தடவைம்மா! யாரு போடறது இதை?"

சுவிட்ச் அருகிலேயே நின்றிருந்த வீட்டுக்காரம்மா கோமளவல்லி மாடி ஜன்னலை நிமிர்ந்து பார்த்தாள்.

"சாயங்காலம் சார் நீச்சலடிக்கணுமாம். இன்னிக்கும் தெளியலேன்னா வேற ஆளைப் பார்த்துக்கறேன்னுட்டார். என் பொழப்புல மண்ணைப் போடறது பேயா, பிசாசா?"

"நான்தான்."

எட்வின் சுவிட்சிலிருந்து கையை எடுத்தான்.

"உங்க சாருக்கு ரெண்டு மாசமா வலிப்பு வருதுப்பா. தண்ணியில இறங்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். இவர் கேட்கிற ஆளா? வெளியில சொல்லவும் விடமாட்டார். தண்ணி தெளிஞ்சா குதிச்சுடுவார்."

மாடி ஜன்னல் திறந்தது. "என்னப்பா, தெளிஞ்சுதா?"

தரை தெரியாத தண்ணீரை எட்வின் ஒருமுறை பார்த்தான். பிறகு நிமிர்ந்தான்.

"அடியில பெரிய விரிசல் சார்! மொத்தத் தண்ணியையும் இறக்கியாகணும்!"