பக்கத்துக் கட்டில்

அம்மாவை முதியோர் இல்லத்தில் சேர்க்கும் முன் மகள் எல்லாவற்றையும் சோதித்தாள். பாத்ரூம் கைப்பிடியை ஆட்டிப் பார்த்தாள். தரை வழுக்குகிறதா என்று காலால் தேய்த்துப் பார்த்தாள். கட்டிலோரத்து அழைப்பு மணியை அமுக்கினாள். ஆயா ஓடி வந்தாள்.

அப்படியும் மனசு கேட்காமல், பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த கிழவியிடம் குனிந்தாள்.

"பெரியம்மா, உங்களை நம்பித்தான் கேக்கறேன். எப்பவுமே இப்படி வருவாங்களா?"

"கூப்பிட்ட குரலுக்கு வருவாங்கம்மா. தைரியமா விட்டுட்டுப் போ."

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பினாள்.

சாயங்காலம் அம்மாவுக்கு பாத்ரூம் போக வேண்டியிருந்தது. மணியை அமுக்கினாள். மறுபடியும் அமுக்கினாள். யாரும் வரவில்லை.

"விடும்மா," என்றாள் கிழவி. "பார்க்க வந்தவங்க போனதும் மணியை அணைச்சிடுவாங்க."

"அப்புறம் ஏன் என் பொண்ணுகிட்ட அப்படிச் சொன்னீங்க?"

"நான் ஒருத்தி கத்தினா யார் காதுலயும் விழ மாட்டேங்குது. ரெண்டு பேரா கத்தினா ஒருவேளை வருவாங்க."

அம்மா அவளை முறைத்தாள்.

"என்னை முறைக்காதே. என் பையனும் எல்லாத்தையும் ஆட்டிப் பார்த்துட்டுத்தான் சேர்த்தான். உன் கட்டில்ல அப்போ இருந்தவ, அவன்கிட்ட இதையேதான் சொன்னா. சரி, மூச்சை இழுத்துக்கோ. ஒண்ணா கத்துவோம்."