றோஸ் கொண்டுவந்த பூச்சி

"அக்கா, இதுக்குள்ளை ஒரு புழுவைக் காட்டுங்கோ பாப்பம்!"

றோஸ் அரிதட்டை நீட்டினாள். மூன்றாவது தடவையாக அரித்த நிவாரண மா.

குணலட்சுமி எட்டியும் பார்க்கவில்லை. குசினிச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்த அந்துப்பூச்சியை விளக்குமாற்றால் அடித்தாள். சுவரில் சாம்பல் நிறத் தூள் அப்பியது.

"அப்ப உது எங்கையிருந்து வந்தது? நீங்கள் வாறதுக்கு முந்தி இந்தக் குசினியிலை ஒரு பூச்சி இருந்ததே?"

றோஸ் அரிதட்டைக் கீழே வைத்தாள். கடற்கரையோரக் குருநகரில் ஷெல் விழத் தொடங்கிய அன்று, புருஷன் லியோனோடும் இரண்டு பிள்ளைகளோடும் கொக்குவிலுக்கு ஓடி வந்தவள் அவள். ரோட்டில் நின்றவர்களைக் கூட்டிவந்து, வெறுமையாகக் கிடந்த முன்னறையைக் கொடுத்தவர் குணலட்சுமியின் புருஷன் சீவரத்தினம். நாலு மாதமாக இரண்டு குடும்பத்துக்கும் ஒரே குசினி. அடுப்பு மட்டும் வேறு வேறு.

போன மாதம்தான் பூச்சி தொடங்கியது. அரிசி, உழுந்து, காயவைத்த பனங்கிழங்கு ஒடியல் ஒன்றையும் விடவில்லை. சண்டையால் பாதை பூட்டிக் கிடக்கிற காலத்தில் கெட்டுப்போன அரிசிக்கு வேறு அரிசி எங்கே போய் எடுப்பது? தகரப் பேணிகளைச் சுடுதண்ணீரில் கழுவினார்கள். அரிசியை முற்றத்தில் பரப்பிக் காயவைத்து, வேப்பிலையும் செத்தல் மிளகாயும் போட்டு மூடினார்கள். அலுமாரித் தட்டுகளைச் சாம்பல் போட்டு உரஞ்சியவள் றோஸ்தான். விடிந்தால் மறுபடி நாலு பூச்சி பறந்தது.

சத்தம் கேட்டுச் சீவரத்தினம் வாசலில் வந்து நின்றார்.

"நீங்கள் சண்டை பிடிச்சால் பூச்சி பயந்து ஓடிவிடுமே? எங்கையோ ஒரு கூடு இருக்குது. ஞாயிற்றுக்கிழமை வீடு முழுக்கக் கிளறிப் பாக்கிறன். எதுக்குள்ளை இருந்தாலும் சரி, அப்பிடியே தூக்கி அடுப்புக்கை வைக்கிறதுதான்."

"ஒண்டும் கிளற வேண்டாம்!" குணலட்சுமியின் குரல் உயர்ந்தது. "எல்லாம் இவையின்ரை மாச்சாக்காலை வந்த வினை."

"அதை நேற்றும் கொட்டி அரிச்சனான் அக்கா."

"அரிச்சால் முட்டை போகுமே? கடற்கரையிலை சாக்கை விரிச்சுப் படுக்கிற ஆக்களுக்கு உது பெரிசாத் தெரியாது. இது சாமி கும்பிடுற வீடு."

"என்னப்பா கதைக்கிறீர்?" சீவரத்தினம் திடுக்கிட்டார்.

முன்னறையில் சின்ன மகளை மடியில் வைத்திருந்த லியோன் எழுந்து வந்தான். கோபப்படவில்லை. சிரிக்கத்தான் பார்த்தான்.

"வா றோஸ். பூச்சியும் அகதி, நாங்களும் அகதி. ஒரு வீட்டிலை ரெண்டு அகதிக் குடும்பம் இருக்கேலாது."

"உடுவில் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்திலை சனம் இருக்குதாம்," என்றாள் றோஸ் மெதுவாக.

சீவரத்தினம் எவ்வளவோ மறித்தும் அவர்கள் கேட்கவில்லை. அரை மணித்தியாலத்தில் இரண்டு பையும் ஒரு பாயும் கட்டியாயிற்று. குணலட்சுமி குசினியை விட்டு வெளியே வரவில்லை.

றோஸே உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"மற்றப் பேணியளையும் கழுவிக் கிணத்தடியிலை கவிட்டிருக்கிறன் அக்கா. ஈரம் காய்ஞ்ச பிறகு எடுங்கோ. அப்ப வாறம்."

சீவரத்தினம் மாச்சாக்கைத் தன் சைக்கிளில் ஏற்றினார்.

"சின்னனுக்குக் காய்ச்சல் இப்பதான் விட்டது. வானமும் இருட்டுது. நாலு பூச்சிக்காக நாலு சனத்தை அனுப்பிப்போட்டீர்," என்று திரும்பிப் பாராமலே சொல்லிவிட்டு, அவர்களோடு சந்திவரை நடந்தார்.

படலை சாத்துப்பட்டது. குணலட்சுமி குசினிக்குப் பக்கத்திலிருந்த சாமியறைக்குள் போய்ப் பிள்ளையார் படத்தைச் சற்று நகர்த்தினாள்.

படத்துக்குப் பின்னால் ஒரு பிடி நெற்கதிர். தைப்பூசத்துக்குத் தைப்பூசம் பழைய கதிரைக் கழற்றிவிட்டுப் புதுக் கதிர் கட்டுவது அந்த வீட்டு வழக்கம். கழற்றிய இந்தக் கதிரை மாட்டுக்குப் போட்டுவிட்டதாகத்தான் சீவரத்தினம் இரண்டு வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறார். நெல் ஒவ்வொன்றிலும் ஊசித் துளை. விரல் பட்டதும் பூச்சிகள் குபுக்கென்று கிளம்பின, போன மாதம் அவள் முதன்முதலாகக் கண்டபோது கிளம்பியது போலவே.

கதிரைக் கட்டிய கயிற்றின் முடிச்சை மட்டும் அவள் தடவிப் பார்த்தாள். அந்த முடிச்சைப் போட்டுவிட்டு மறுநாள் காலை வேலைக்கென்று போன மகன் இன்னும் வீடு திரும்பவில்லை.