மண்டோரின் மேற்பார்வையில்

அம்சவள்ளி தன் சொந்த வீட்டிலேயே திருடினாள். பட்டம் வாங்கிய கையால் அவள் திருடியது ஒரு டைல்ஸ் கல். அதை மெத்தைக்கு அடியில் வைத்து அதன் மேலேயே படுத்தாள். முதுகு வலித்தது. கொள்கைக்காக வலி தாங்குகிறவர்களில் தானும் ஒருத்தி என்று நினைத்துக்கொண்டாள்.

கொள்கையின் பெயர் மண்டோர். அது ஒரு சேவல்.

போன வருஷம் அவள் அப்பா சிவானந்தம் வீட்டின் பின்பக்கம் சமையலறையை நீட்டிக் கட்டத் தொடங்கினார். லோரி ஓட்டாத ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வேலை. முதல் வாரமே ஏணியிலிருந்து விழுந்தார். பயந்துபோன அம்மா குமுதா, வேலை நல்லபடியாக முடிந்தால் ஒரு சேவல் தருகிறேன் என்று தோட்டத்து முனியாண்டிக்கு நேர்ந்துகொண்டாள். ஜெராம் சந்தையிலிருந்து ஒரு சேவல் குஞ்சும், துணைக்கு நாலைந்து பெட்டைகளும் வந்தன.

சமையலறை வளரவில்லை. சேவல் வளர்ந்தது.

அப்பா சிமெண்டு குழைத்தால் பக்கத்தில் வந்து, கழுத்தைச் சாய்த்துப் பார்க்கும். தோட்டத்தில் ஆள்களை வேலை வாங்கும் மண்டோரின் அதே நடை. பெயர் வைத்தது அம்மாதான். "மண்டோர் வந்துட்டாரு, ஒழுங்கா வேலையப் பாருங்க" என்பாள்.

அம்சவள்ளியும் சும்மா இருக்கவில்லை. யூடியூப் பார்த்து, பழைய கதவை அறுத்துக் கோழிகளுக்கு ஒரு கூண்டு செய்தாள். கோழிகள் அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு சிமெண்டு மூட்டைமேல் போய்ப் படுத்தன. மண்டோர் மட்டும் மரியாதைக்குக் கூரைமேல் ஏறிக் கூவியது. கூரை உள்ளே இறங்கிவிட்டது. அப்பா சிரிக்கவில்லை. அவர் கட்டிய சுவரும் ஏறக்குறைய அந்த நிலைமையில்தான் இருந்தது.

வேலை முடிகிற அன்று மண்டோரின் கதையும் முடியும். வேறு சேவல் வாங்கிக் கொடுத்தால் என்ன என்று ஒருமுறை கேட்டாள். சாமிக்கென்று விட்டதை மாற்றலாமா, படித்த பிள்ளை பேசுகிற பேச்சா இது என்று அம்மா திருப்பிக் கேட்டாள். அத்தோடு அம்சவள்ளி விட்டுவிட்டாள். கடையில் உப்பு கேட்கவே வழியெல்லாம் ஒத்திகை பார்க்கிறவள், அம்மாவையும் முனியாண்டியையும் எப்படி எதிர்ப்பாள்?

ஆனால் ஒளித்து வைக்கத் தெரியும். அப்பாவின் சாந்துக் கரண்டியை ஒளித்தாள். சுவர் மட்டம் பார்க்கும் ரசமட்டம் தானாகவே காணாமல் போனது. அதிர்ஷ்டமும் தன் பக்கம்தான் என்று முடிவு செய்தாள்.

பழைய அடுப்படியை இடித்துவிட்டதால் அம்மா வெளியே தார்ப்பாய்க்குக் கீழே சமைத்தாள். தார்ப்பாயில் ஓட்டை. மழை வந்தால் ஒரு கையில் குடை, ஒரு கையில் அகப்பை. "இந்த மனுசன் கட்டி முடிக்கிறதுக்குள்ள நான் போய்ச் சேர்ந்துருவேன்லா" என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி சொல்வாள்.

பக்கத்து வீட்டுக்குக் கேட்டது, புஞ்சாக் ஆலாமில் இருந்த அமராவதி அத்தைக்கும் கேட்டுவிட்டது. சாமியைக் காக்க வைக்கக் கூடாது என்று தம்பியைத் திட்டி, செல்லன் என்ற கொத்தனாரை அனுப்பிவைத்தாள்.

செல்லன் தன் கரண்டியைத் தானே கொண்டு வந்தார். சுவரை நேராக்கினார். அதன் பிறகுதான் டைல்ஸ் திருட்டு. அந்தப் பூப்போட்ட கல் பழைய டிசைன், கடையில் இனி வராது; ஒன்று குறைந்தாலும் வேலை முடியாது.

ஞாயிறு மதியம், புது அடுப்பு மேடைக்குப் பின்னால் கல் பதித்துக்கொண்டே வந்த செல்லன் நின்றுவிட்டார். கல் போதவில்லை. அப்பா உதட்டைப் பிதுக்கினார். மழை பிடித்துக்கொண்டது. வெளியே அம்மா குடையைப் பிடித்தபடி பருப்பைக் கடைந்தாள். புகையில் இருமினாள்.

அம்சவள்ளிக்கு அது போதும். அம்மாவா சேவலா என்று ஒரு பட்டதாரி ஒரு வருஷம் யோசித்திருக்கிறாள். அம்மா இருமிய பிறகுதான் விடை வந்தது.

மெத்தையைத் தூக்கிக் கல்லை எடுத்து வந்தாள். "கட்டிலுக்கு அடியில கெடந்துச்சுண்ணே" என்றாள். அது எப்படி அங்கே போனது என்று செல்லன் கேட்கவில்லை. வாங்கிப் பதித்தார்.

"இன்னும் ரெண்டு வேணும் தங்கச்சி."

"ரெண்டா?"

அவள் எடுத்தது ஒன்றுதான். திருட்டிலும் கூச்சம்.

அப்பா செருமினார். மழையில் நனைந்துகொண்டே லோரிக்குப் போனார். துண்டில் சுற்றிய ஒரு கல்லோடு திரும்பினார். கூடவே ரசமட்டமும் இருந்தது.

"சீட்டுக்கு அடியில மாட்டியிருந்துச்சு" என்றார், சுவரைப் பார்த்து.

மகள் அப்பாவைப் பார்த்தாள். இந்த வீட்டிலேயே இளகிய மனசு தனக்கு மட்டும்தான் என்று ஒரு வருஷமாகப் பெருமைப்பட்டிருந்தாள்.

"இன்னும் ஒண்ணுதான்" என்ற செல்லன், தார்ப்பாய்ப் பக்கம் பார்த்துச் சிரித்தார். "அட, இங்கயே இருக்கே. அக்கா, அந்தச் சட்டிக்கு அடியில இருக்கிற கல்ல எடுத்துக் குடுங்க."

இறக்கி வைத்த பருப்புச் சட்டிக்கு அடியில், பூப்போட்ட அதே கல். ஒளித்து வைக்கக்கூட இல்லை.

குமுதா திரும்பிப் பார்க்கவில்லை. காலடியில் ஒண்டியிருந்த மண்டோர் நனையாதபடி குடையைக் கொஞ்சம் சாய்த்தாள்.

"சட்டி வைக்க அது எனக்கு வேணும் தம்பி. வேலை முடியாத வீட்டுல முனியாண்டி சேவல் கேக்கமாட்டாரு."