வகுக்காத மனைவி

பிறந்ததும் ஆளுக்கொரு பகா எண் கொடுத்துவிடுகிறார்கள். அவரவர் அந்தரங்கப் பெட்டகம் அந்த எண்ணுக்குத்தான் திறக்கும். கல்யாணத்தன்று இருவர் எண்ணையும் பெருக்கி, அறுநூறு இலக்கப் பகு எண்ணாக மோதிரத்தில் பொடி எழுத்தில் பொறிப்பார்கள். உலகமே கூடினாலும் அதைப் பிரிக்க முடியாது. தம்பதிக்கு மட்டும் அது வெறும் வகுத்தல் கணக்கு. தன் எண்ணால் வகுத்தால் துணையின் எண் வந்துவிடும். வகுக்காமல் இருப்பதுதான் தாம்பத்தியம் என்று பெரிதாகப் பேசுவார்கள்.

ரெஜினா ஒருநாளும் வகுத்ததில்லை. மாரடைப்பில் போன கணவன் அருள்தாசின் நினைவுப் பூசையில், பங்குச் சாமியார் அதைச் சொல்லித்தான் அவளைப் புகழ்ந்தார்.

வீட்டுக்கு வந்ததும் தங்கை ஸ்டெல்லா சொன்னாள்: "இனிமே என்னக்கா, திறந்து பாரு."

ரெஜினா வகுத்தாள். மீதியில்லாமல் வந்தது. பெட்டகத்தில் இதய மருத்துவரின் அறிக்கைகள் இருந்தன, எல்லாம் போன வருடத்தவை. கூடவே அருள்தாசின் குரல்.

"ரெஜி, ஆபரேஷன் பண்ணணும்னு சொல்றாங்க. எனக்குப் பயமா இருக்கு, உங்கிட்ட நேர்ல சொல்லவும் வாய் வரல. நீ எப்படியும் ஒருநாள் வகுத்துப் பாத்துருவ. பாத்துட்டு நீயே பேச்சை எடு, என்ன."