நடுவழியில் இரண்டு பெட்டிகள்

மலையேறும் விஞ்ச் ரயிலின் பழைய படச்சுருளை, திரைப்படக் காப்பகத்தில் வேலை பார்க்கும் பொற்கொடி மறுபடியும் பின்னோக்கி ஓட்டினாள். இரண்டு பெட்டிகளுக்கும் ஒரே இரும்பு வடம். ஒன்று ஏறினால் மற்றது இறங்கியாக வேண்டும். நேராக ஓட்டினால், அப்பா கையசைத்தபடி இறங்கிப் போவார். அன்று போனவர் திரும்பவேயில்லை. பின்னோக்கி ஓட்டினால் அப்பா மேலேறி வருவார். ஆனால் எதிர்ப்பெட்டியில், அம்மா மடியில் கைக்குழந்தையாக இருக்கும் அவள் கீழே போய்விடுவாள். நடுவழியில் மட்டும் பெட்டிகள் உரசுகிறாற்போல் அருகருகே வந்தன.

அங்கே நிறுத்தினாள்.

"அக்கா, நிறுத்தாதீங்க! விளக்குச் சூட்டுல ஃபிலிம் பொசுங்கிடும்!" என்று பதறினான் ஆபரேட்டர் பெஞ்சமின்.

"ஒரே நிமிஷம், தம்பி."

திரையோரம் பழுப்பு படர்ந்தது. அசையாத படத்தில் அப்பா, கையசைப்பதை விட்டுவிட்டு, குழந்தையை வாங்கக் கை நீட்டினார்.